தரையில் பிடிக்காத தக்காளிச் சாறு

தக்காளிச் சாறு எனக்கு ஆகவே ஆகாது. பக்கத்தில் யாராவது குடித்தால் அந்தப் பச்சை வாடைக்கே எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவேன். ஆனால் விமானத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு என் வரிசைக்கு வந்துவிட்டால் வாய் தானாகக் கேட்கிறது: "தக்காளிச் சாறு. கொஞ்சம் மிளகுத்தூள் கிடைக்குமா?"

முதல் தடவை தவறிப்போய் நடந்தது. நான் கேட்டது ஆரஞ்சு, கைக்கு வந்தது பக்கத்து இருக்கைக்காரருடையது. அவர் தூங்கிவிட்டார். திருப்பிக் கொடுக்கச் சங்கடப்பட்டு ஒரு வாய் குடித்தேன். கெட்டியாக, லேசான உப்போடு, ஆறிய சூப் மாதிரி இறங்கியது. அந்த வாடையைத் தேடினேன், காணோம். கோப்பையின் உள்சுவரில் சிவப்பாக ஒட்டியிருந்ததையும் சாய்த்துச் சாய்த்துக் குடித்துவிட்டேன்.

நாக்கில்தான் கோளாறு என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை. பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயர மலைமேல் இருப்பதுபோல இருக்கும். காற்று வேறு வறண்டு கிடக்கும், மூக்கு காய்ந்துவிடும். மணம் தெரியாவிட்டால் சுவையில் பாதி போச்சு. லுஃப்தான்சா விமான நிறுவனத்துக்காக ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வகம் 2010 வாக்கில் இதைச் சோதித்தது. உப்பும் இனிப்பும் மங்குகின்றன. தரையில் மண்வாடை அடிக்கும் தக்காளிச் சாறு மேலே பழச்சுவையோடு தெரிகிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2015-இல் செய்த ஆய்வு சத்தத்தையும் காரணமாகச் சொல்கிறது. விமானத்துக்குள் இருப்பதுபோன்ற 85 டெசிபல் இரைச்சலில் இனிப்பு குறைந்து, உமாமி என்கிற, சூப்பில் வருவதுபோன்ற சுவை தூக்கலாகத் தெரியுமாம். 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா பெயரிட்ட சுவை அது. தக்காளியில் அது நிறையவே உண்டு.

இதைப் படித்ததும் சும்மா இருக்க முடியுமா? வீட்டில் காதொலிப்பானை மாட்டி, விமான இரைச்சலை ஓடவிட்டு, ஒரு டம்ளர் சாறு ஊற்றிக் குடித்துப் பார்த்தேன். அதே பச்சை வாடை. காது வலித்ததுதான் மிச்சம். அக்கா வாசலில் நின்று, "உனக்கு முத்திப்போச்சுடி" என்றாள்.

அவளுக்கு என்மேல் இன்னொரு புகாரும் உண்டு, காபி. ஆவி பறக்கக் கொடுத்தால் தொடமாட்டேன். ஆறி அவலாகி, மேலே மெல்லிய ஏடு படிந்த பிறகுதான் எடுப்பேன். சூடு குறையக் குறைய நாக்குக்கு இனிப்பு மந்தமாகும். ஐஸ்கிரீம் உருகினால் திகட்டுவதும் இதனால்தான். எனவே சர்க்கரை போட்ட காபியும் ஆறினால் கொஞ்சம் கசப்புக் காட்டும். எனக்கு வேண்டியது அந்தக் கசப்பு. இதைச் சொன்னால், "சோம்பேறித்தனத்துக்கு ஒரு விஞ்ஞானமா?" என்கிறாள். அதிலும் உண்மை இருக்கிறது, டம்ளரை மறந்துவிடுகிற ஆள்தான் நான்.

பயணத்தில் என் ருசி இன்னும் மோசம். எல்லாரும் குறைந்த காத்திருப்பு உள்ள பயணச்சீட்டாகப் பார்த்து எடுப்பார்கள். நான் ஆறேழு மணி நேரம் இடையில் விமான நிலையத்தில் கிடப்பது போல எடுப்பேன், விலை குறைவு என்று காரணம் சொல்லிக்கொண்டு. உண்மையில் அந்த நேரம்தான் எனக்குப் பிடித்தது. ஊர் சுற்றிப் பார்க்க வேண்டிய கடமை இல்லை, எந்த வேலையும் என்னைத் தேடி வர முடியாது. யாரோ ஓடுகிறார்கள், யாரோ பையைத் திறந்து எடை குறைக்கிறார்கள். நான் காலை நீட்டிக்கொண்டு, வாங்கி வைத்த காபி ஆறட்டும் என்று உட்கார்ந்திருப்பேன்.

ஒரு தடவை அக்காவையும் கூட்டிப் போனேன். நாலாவது மணி நேரத்தில் பேச்சை நிறுத்திவிட்டாள். அடுத்த விமானத்தில் வண்டி வந்தது. எனக்கு முந்திக்கொண்டு, "தக்காளிச் சாறு" என்றாள். மிளகுத்தூள் கேட்க மறந்துவிட்டாள், என்னுடையதில் பாதியைக் கொடுத்தேன்.