குட்ஃபெல்லோ இருந்த ஊர்

மார்ச் 2
அண்ணனின் ஆபரேஷனுக்குத் தேதி இன்னும் தரவில்லை.

மார்ச் 3
அண்ணன் தூங்கியதும், அரிசோனாவின் டூம்ஸ்டோன் என்ற பழைய சுரங்க ஊரின் பத்திரிகை 'டூம்ஸ்டோன் எபிடாஃப்' பழைய இதழ்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பொடிப்பொடி எழுத்து, பெரிதாக்கினால் மங்குகிறது. 1880 மே 1 அன்று ஜான் கிளம் தொடங்கிய பத்திரிகை, அடுத்த வருஷமே அவர்தான் ஊருக்கு மேயர். எதிரணிப் பத்திரிகை 'நகெட்', அதன் ஆசிரியர் ஹாரி வுட்ஸ் ஷெரீஃப் பீஹனின் உதவி ஷெரீஃபும்கூட. 1881 அக்டோபர் 26 அன்று ஊர்க் காவலர்களான எர்ப் சகோதரர்களுக்கும் கௌபாய் கும்பலுக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டை அரை நிமிஷம்தான், மூன்று பேர் செத்தார்கள். எபிடாஃப் எர்ப் சகோதரர்கள் பக்கம் நின்றது, நகெட் மறுபக்கம். அந்த அரை நிமிஷத்தை எல்லோரும் பேசியாகிவிட்டது. எனக்கு அந்த ஊர் டாக்டரைப் பற்றித் தெரிய வேண்டும்.

மார்ச் 5
ஜார்ஜ் குட்ஃபெல்லோ. கிரிஸ்டல் பேலஸ் மதுக்கடையின் மாடியில் வைத்தியம் பார்த்தார். வயிற்றில் குண்டு பாய்ந்தால் பிழைக்க மாட்டான் என்று பெரும்பாலான டாக்டர்கள் கைவிட்ட காலம். இவர் 1881 ஜூலையிலேயே ஒருவரின் வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்திருக்கிறார், அதுவும் கையைச் சுத்தமாகக் கழுவி. அதே ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டார்கள். பெரிய பெரிய டாக்டர்கள் கழுவாத விரலை விட்டுக் குண்டைத் துழாவி, சீழ் பிடித்து, செப்டம்பரில் மனிதர் போய்விட்டார். நாட்டின் தலைவருக்குக் கிடைக்காத கை ஒரு சுரங்க ஊரில் இருந்திருக்கிறது, இதையே நினைத்துக்கொண்டு படுத்தேன், தூக்கம் வரவில்லை.

மார்ச் 6
மறுபடி ரத்தம் எடுத்தார்கள்.

மார்ச் 8
பிள்ளைகளை எங்கேயாவது கூட்டிப் போங்கள் தம்பி என்று அண்ணி சொன்னார், டூம்ஸ்டோனுக்கே போய்விட்டோம். டூசானிலிருந்து எழுபது மைல். ஆலன் தெருவில் குதிரை வண்டி, வேஷம் கட்டிய துப்பாக்கிக்காரர்கள், சின்னவனுக்கு ஒரே குஷி. ஐந்தாம் தெருவில் எபிடாஃபின் பழைய அச்சு இயந்திரத்தைப் பார்த்தேன். 1882 மே மாதத் தீயில் கடைத்தெரு எரிந்தபோது நகெட் அதோடு முடிந்தது.

நெல்லி கேஷ்மன் பற்றியும் எழுத வேண்டும். சாப்பாட்டு விடுதி நடத்திய ஐரிஷ்காரி, நோயில் விழுந்த சுரங்கத் தொழிலாளிகளைப் பார்த்துக்கொண்டவர். 1884-இல் ஐந்து பேரைத் தூக்கிலிட்டபோது வேடிக்கை பார்க்கப் பலகை மேடை கட்டியிருந்தார்கள், முதல் நாள் இரவே அதை ஆள் வைத்துப் பிரித்துப் போட்டார். அப்புறம் விரிவாக எழுதுகிறேன். பெரியவள் திரும்பும்போது, அப்பா எப்போது எழுந்து நடப்பார் என்று கேட்டாள்.

மார்ச் 10
ஒரு டாக்டர் வெட்டி எடுத்துவிடலாம் என்கிறார், இன்னொருவர் பொறுக்கலாம் என்கிறார். யாரை நம்ப?

மார்ச் 11
அந்த ஊரில் ஜார்ஜ் பார்சன்ஸ் என்று ஒருவர் விடாமல் டைரி எழுதியிருக்கிறார். 1881 டிசம்பரில் வர்ஜில் எர்பை இருட்டில் மறைந்திருந்து சுட்டார்கள். இடது கை எலும்பு நொறுங்கிவிட்டது. குட்ஃபெல்லோ உடைந்த துண்டுகளை எடுத்தார், கையை வெட்டவில்லை. உன்னைக் கட்டிப்பிடிக்க இன்னொரு கை இருக்கிறதே என்று வர்ஜில் மனைவியைத் தேற்றியதைப் பார்சன்ஸ் குறித்து வைத்திருக்கிறார். அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தான்.

மார்ச் 12
தேதி தந்துவிட்டார்கள், வரும் திங்கட்கிழமை காலை.

மார்ச் 16
அண்ணனை ஆபரேஷனுக்கு உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள். பார்சன்ஸ் டைரியில் 1882 மார்ச்சுக்கு வந்திருக்கிறேன். பில்லியர்ட்ஸ் ஆடிக்கொண்டிருந்த மார்கன் எர்பைச் சுட்ட மாதம், குட்ஃபெல்லோ வந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பக்கங்களை விட்டுவிட்டு ஏப்ரலுக்குப் போகிறேன். அண்ணி கூப்பிடுகிறார்