இலை கொட்டும் மாதத்தில் ஒரு ஃபேன்டசி நாவல்: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

மார்ச் 5, 2025, சாம்பல் புதன்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றி மிச்சமிருக்கும் பால்மரங்கள், அதாவது ரப்பர் மரங்கள், இலை கொட்டும் காலம் இது. இலை பழுத்து உதிரும், பால் குறையும், பிறகு செம்பு நிறத்தில் தளிர் விடும். ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலமான தவக்காலமும் இதே வாரங்களில் வருகிறது. தீம்பாரை, அதாவது ரப்பர் தோட்டத்தை, களமாக வைத்துக் கிறிஸ்தவ விசுவாசக் கதை எழுத இதைவிட நல்ல நாட்காட்டி ஏது? உறைபனியையும் வசந்தத்தையும் வேறு நாட்டிலிருந்து கடன் வாங்க வேண்டியதில்லை.

கணக்கு முதலில் சரியாக இருக்க வேண்டும். இன்று தொடங்கி ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனி வரை எண்ணினால் 46 நாள். ஞாயிறு உயிர்ப்பின் நாள், நோன்பு கிடையாது. அந்த ஆறையும் கழித்தால்தான் 40. நான் எழுதும் நாவலில் மலையேறும் கூட்டத்துக்கும் இதுவே அளவு: 40 நாள் நடை, 6 நாள் தங்கல். தங்கல் நாளில் யாரும் சுமை தூக்கக் கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். காரணத்தை யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டாம். விளக்கேற்றிச் சோற்றைப் பங்கிட்டு உண்டால் போதும். வெறுமனே ‘நாற்பது நாள் நடந்தார்கள்’ என்று எழுதினால் அது ஓர் எண். கழித்து வைத்த அந்த ஆறு நாளில்தான் சண்டை, சமாதானம், திருட்டு எல்லாம் நடக்க இடமிருக்கிறது.

சாம்பலும் அப்படித்தான். இன்று நெற்றியில் பூசியது போன வருடக் குருத்தோலையை எரித்த சாம்பல். ஆகவே கதையில் சாம்பல் வருமுன், அந்த ஓலையைக் கையில் பிடித்து ஊரே ஆர்ப்பரித்த காட்சி ஒன்று வந்திருக்க வேண்டும். அது இல்லாமல் சாம்பல் மட்டும் வந்தால் வெறும் சடங்கு.

மார்ச் 9

பால்மரம். எல்லோருக்கும் முதலில் தோன்றும் உருவகம் இது: காயப்படும் மரம், வழியும் பால், ஆகவே கிறிஸ்து. இன்று நாள் முழுக்க இதையே உரசிப் பார்த்தேன்.

தொழிலைச் சரியாகப் பார்ப்போம். கத்தி இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, ஏறத்தாழ 30 பாகைச் சரிவில், மரத்தின் பாதிச் சுற்றுக்குப் பட்டையைச் சீவுகிறது. உள்ளே இருக்கும் உயிர்த்தோலில் கத்தி படக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் அளவு பட்டையை விட்டு நிற்க வேண்டும். பட்டுவிட்டால் அந்த இடம் முடிச்சு முடிச்சாக ஆறும், பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. சரியாக வெட்டினால் பால் சில மணி நேரம் ஓடி, தானே உறைந்து காயத்தை மூடிக்கொள்ளும். மறுநாள் அந்தக் கோட்டிலிருந்து உரித்தெடுப்பதுதான் ஒட்டுப்பால்.

உருவகம் உடைவது எங்கே? மரம் வெட்டுக்குச் சம்மதிப்பதில்லை. யோவான் 10:18இல் இயேசு தம் உயிரைத் தாமே கொடுப்பதாகச் சொல்கிறார், யாரும் பறித்துக்கொள்வதில்லை. விருப்பம் இல்லாத இடத்தில் பலி இல்லை. அதனால் மரத்தை மரமாகவே விட்டுவிட்டேன்: அது நாட்டுக்குச் சோறு போடும் படைப்பு. தன்னைக் கொடுப்பவர் ஒரு மனுஷியாக இருக்க வேண்டும்; தப்பிக்கும் வழி அவள் முன்னால் திறந்தே கிடக்க வேண்டும்.

இன்னொரு பொறி, ரப்பர் காய். மூன்று அறை, வெயிலில் வெடித்தால் மூன்று விதை. திரித்துவத்துக்கு அழகாக இருக்கிறதே என்று கை போகும். மூன்று விதை மூன்று திசையில் தெறித்துவிடும், அது மூன்று கடவுள் ஆகிவிடும். 325இல் நிசேயா திருச்சங்கத்தில் கூடியவர்கள் இயேசுவைப் பற்றி ‘தந்தையோடு ஒரே பொருளானவர்’ என்ற சொல்லுக்காகப் போராடி இந்த ஆண்டோடு 1,700 ஆண்டு. அந்தப் போராட்டத்தை ஒரு காயில் தொலைக்க மனமில்லை. காய் வெடிக்கும் சத்தம் மட்டும் கதையில் இருக்கட்டும்.

மார்ச் 14

பெயர்கள். இதில் நமக்கு வழிகாட்டி வீரமாமுனிவர். தேம்பாவணியில் யோசேப்பு வளன் ஆகிறார், யோவான் கருணையன் ஆகிறார். ஒலியை விட்டுவிட்டுப் பொருளைப் பிடித்திருக்கிறார்: எபிரேயத்தில் யோசேப்பு என்றால் பெருகச் செய்வது, யோவான் என்றால் ஆண்டவரின் கருணை. அதே முறையில் ஈசாக்கு நகையன், பேதுரு பாறையன், பெத்லகேம் அப்பவூர். துணைப் பாத்திரங்களுக்கும் ஊர்களுக்கும் மட்டும் இப்படி வைப்பது நல்லது. நாயகிக்கு ‘மீட்சி’ என்று பெயர் வைத்தால் முதல் பக்கத்திலேயே கதை முடிந்துவிடும்.

பேச்சு நடைக்கும் ஒரு வார்த்தை. பழைய வேதாகமத்தில் ‘ஆதியிலே வார்த்தை இருந்தது’, 1995இன் பொது மொழிபெயர்ப்பில் ‘தொடக்கத்தில் வாக்கு இருந்தது’. கிருபை பழைய மொழிபெயர்ப்பின் வீட்டுச் சொல், அருள் புதியதன் வீட்டுச் சொல். இரண்டையும் ஒரே வாயில் போட்டால் நம் வாசகர் காதில் உடனே இடறும். கிழவிக்குப் பழைய நடை, பேரனுக்குப் புதியது என்று பிரித்தால் ஒரே நம்பிக்கை இரண்டு தலைமுறையாகப் பேசும்.

மார்ச் 15

மீட்பு. தமிழில் இந்தச் சொல் அடகுக்கடையில் உயிரோடு இருக்கிறது. தாலிக்கொடியை மீட்டேன் என்கிறோம். அடகுச் சீட்டு, வட்டி, தவணை தாண்டினால் பொருள் போச்சு. மீட்பர் என்றால் என்ன என்று ஒரு பக்கம் விளக்குவதைவிட, நாயகி ஒரு சீட்டை நீட்டும் காட்சி பலமானது.

ஆனால் விலை யாருக்குப் போகிறது? இதை முடிவு செய்யாமல் எழுதினால் வில்லன் நியாயமான கடன்காரன் ஆகிவிடுவான், நாம் அவனுக்கு வரவு வைத்துவிடுவோம். சாத்தானுக்கு அப்படி ஒரு உரிமையே இல்லை என்று 1098இல் முடித்த நூலில் இறையியலாளர் ஆன்செல்ம் வாதாடினார். நாவலில் என் முடிவு: சீட்டு வாங்கப்படுவதில்லை, கிழிக்கப்படுகிறது. கொலோசெயர் 2:14இல் கடன்பத்திரம் சிலுவையில் ஆணியடிக்கப்படுவது போல.

மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாள்

டோல்கீன் தம் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையில் மோதிரம் அழியும் நாளை மார்ச் 25 ஆக வைத்தார். கிறிஸ்து கருவான நாள் என்றும் சிலுவையில் இறந்த நாள் என்றும் பழைய மரபு சொல்லும் தேதி அது. கதைக்குள் யாரும் இதை விளக்குவதில்லை. தெரிந்தவர் கண்டுகொள்வார், தெரியாதவருக்கும் கதை குறைவதில்லை. ஒளித்து வைப்பதற்கு இதுதான் அளவு.

ஏப்ரல் 3

வில்லனுக்கு உருவம் கொடுப்பதில்தான் நம் ஊரில் அதிகம் கவனம் வேண்டும். வெளிப்படுத்தல் 12இல் வருவதை டிராகன் என்று வரைந்தால், பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்துக்கு அது பெருநாள் ஆசீர்வாதம். தமிழ் வேதாகமம் வலுசர்ப்பம் என்கிறது. பாம்பு என்று வைத்தால் புற்றுக்குப் பால் வார்க்கும் அண்டை வீட்டு அக்காவின் தெய்வத்தில் கை வைக்கிறோம். அடுத்தவர் கும்பிடும் உருவத்தைத் தீமைக்கு முகமூடியாக மாட்டுவது விசுவாசத்துக்கே அநியாயம். வேதத்திலேயே பாம்புக்கு இரண்டு முகம் உண்டு: எண்ணாகமம் 21இல் மோசே உயர்த்திய வெண்கலப் பாம்பைப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள்.

வழி வெளிப்படுத்தல் 12இலேயே இருக்கிறது. 12:10 அந்த வலுசர்ப்பத்தைக் குற்றம் சாட்டுபவன் என்கிறது. உருவத்தை விட்டுத் தொழிலைப் பிடித்தேன். வில்லன் ஒரு கிராணி, தோட்டத்துக் கணக்கன். விடியற்காலையில் ஆட்கள் வரிசையில் நிற்கும் பெரட்டுக் களத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டு, அவரவர் குற்றத்தைப் பேரேட்டிலிருந்து வாசிக்கிறான். அதில் பொய் ஒன்றும் இல்லை. எல்லாம் நடந்தவை. பயம் அங்கேதான் இருக்கிறது, கொம்பும் நெருப்பும் தேவைப்படவில்லை.

வெள்ளை உடையும் கவனிக்க வேண்டியது. வெளிப்படுத்தல் 7இல் அது வெற்றி; நம் கண்ணுக்குக் கைம்பெண் சேலை, சீனர் கண்ணுக்கும் சாவு வீடு. இதைத் திருத்தாமல் பயன்படுத்தலாம்: வெள்ளையில் வரும் கூட்டத்தை வாசகர் முதலில் துக்கக்காரர்கள் என்றே நினைக்கட்டும். கிட்டே வந்ததும் அவர்கள் பாடுவது தெரியட்டும்.

ஏப்ரல் 10

அற்புதமும் மந்திரமும் கலந்துவிட்டால் நாவல் கெட்டுவிடும். மந்திரம் என்றால் முறை தெரிந்தவனுக்குப் பலிக்கும். ஜெபம் என்றால் கேட்பவன் கையில் ஒன்றும் இல்லை. அப்போஸ்தலர் 8இல் சீமோன் ஆவியின் வல்லமையைப் பணம் கொடுத்து வாங்கப் பார்த்தது இந்த வித்தியாசம் புரியாமல்தான். 30 அத்தியாயத்துக்கு நான் வைத்த அளவு: கேட்காமல் கிடைப்பது இரண்டு, கேட்டுக் கிடைப்பது ஒன்று, மூன்று முறை கேட்டும் மறுக்கப்படுவது ஒன்று. கடைசியானது, நீக்கும்படி பவுல் மூன்று முறை கேட்டும் நீங்காத முள் (2 கொரிந்தியர் 12). அதை வெட்டிவிட்டால் மற்ற மூன்றும் வித்தையாகத் தெரியும்.

ஏப்ரல் 19, பெரிய சனி

நாயகி 24ஆம் அத்தியாயத்தில் இறக்கிறாள். முதல் வரைவில் 25இல் திரும்பினாள், மரணம் கனக்கவே இல்லை. இப்போது இடையில் இரண்டு அத்தியாயம். தீர்க்கதரிசனம் கிடையாது, ஒளி கிடையாது. பெரட்டில் அவள் பெயர் வாசிக்கப்படுகிறது, பதில் இல்லை. அவள் நிரையை, அவளுக்குரிய மர வரிசையை, வேறொருத்தி வெட்டுகிறாள். அவ்வளவுதான்.

27இல் வரும்போது முகத்தை வைத்து யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது. மகதலா மரியா தோட்டக்காரர் என்றுதான் நினைத்தாள். எம்மாவு வழியில் அப்பம் பிட்டபோதுதான் கண் திறந்தது. கையில் காயம் மிச்சம் இருக்க வேண்டும், ஆறிய தழும்பாக. அடையாளத்துக்கு ஒரு சிறு பழக்கம் வேண்டும், அது 2ஆம் அத்தியாயத்திலேயே விதைக்கப்பட்டிருக்க வேண்டும்: பால் ஊற்றியதும், மரத்தில் பால் வடியும் கிண்ணமான மங்குக்குள் ஒரு விரலைச் சுற்றி வழித்து, மரத்துப் பக்கமாகச் சாய்த்துக் கவிழ்ப்பாள். மற்றவர்கள் வழிப்பதும் இல்லை, சாய்ப்பதும் இல்லை.

27இன் கடைசி வரியில், இலை துளிர்த்த நிரை நெடுகிலும் மங்குகள் சாய்ந்து கவிழ்ந்திருக்கின்றன.