நட்பு நாட்டோடு முரண்படுவது: ஜெனீவா வாக்குகளைப் படிக்கும் விதம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளில் ஈழத்தைப் பற்றியும் ஜெனீவாவில் இருக்கும் ஐ.நா. மனித உரிமை மன்றத்தைப் பற்றியும் பேச்சு எழுந்தால், "மலேசியா நம்மைக் கைவிட்டுவிட்டது" என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்த ஆண்டு, எந்தத் தீர்மானம் என்று பிரித்துப் பார்க்காவிட்டால் அந்தக் கோபத்தை எம்.பி.யிடம் கேள்வியாகக் கொண்டுபோக முடியாது.

2009 மே 27. போர் ஓய்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஐ.நா. மனித உரிமை மன்றத்தின் சிறப்பு அமர்வில் இலங்கையே கொண்டுவந்த தீர்மானம் 29-க்கு 12 என்ற கணக்கில் நிறைவேறியது. 6 நாடுகள் நடுநிலை. உள்நாட்டு விவகாரத்தில் யாரும் தலையிடக்கூடாது என்பதை வலியுறுத்திய அந்தத் தீர்மானத்தை இந்தியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் நாடுகளோடு மலேசியாவும் ஆதரித்தது. மன்னிக்க முடியாத வாக்கு என்றால் என் கணக்கில் இதுதான்.

2012 மார்ச்சில் இலங்கை குறித்து அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானம் 24–15, நடுநிலை 8. மலேசியா நடுநிலை. இதைத்தான் பலரும் துரோகம் என்கிறார்கள். அன்று மன்றத்தில் இருந்த மற்ற ஆசியான் (தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பு) நாடுகளைப் பாருங்கள்: இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து மூன்றும் எதிர்த்து வாக்களித்தன. 2013-லும் அப்படியே. அக்கம்பக்கத்து நண்பர்களை விட்டு மலேசியா ஓர் அடி தள்ளி நின்றது. போதாது, ஆனாலும் ஓர் அடிதான்.

மன்றத்தில் 47 உறுப்பினர்கள். நடுநிலை வாக்குகள் பெரும்பான்மைக் கணக்கில் சேராது. ஆகவே முடிவைப் படிக்கும்போது ஒரு கழித்தல் கூட்டல் போட்டுப் பார்க்க வேண்டும். 2014-இல், சர்வதேச விசாரணைக்கு வழிவிட்ட தீர்மானம் 23–12, நடுநிலை 12. நடுநிலையாக நின்ற 12 நாடுகளும் எதிர்த்திருந்தால் எதிர்ப்பு 24 ஆகி, தீர்மானம் தோற்றிருக்கும். இந்தியா அந்த 12-இல் ஒன்று. விசாரணை முறையே அத்துமீறல் என்று காரணம் சொல்லியும், எதிர்த்து வாக்களிக்காமல் நின்றுகொண்டது.

அடுத்து, வாக்கெடுப்புக்கு முன் வாசகத்தில் என்ன மாறியது என்று பாருங்கள். 2012-இல் இந்தியா ஆதரித்தது உண்மை. ஆனால் ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் உதவி இலங்கையின் "ஒப்புதலோடு" நடக்க வேண்டும் என்ற சொற்களைச் சேர்க்கவைத்த பிறகே ஆதரித்தது. வாக்குப் பலகையை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியாது. கூட்டாளி நாடுகள் ஒருவரையொருவர் கண்டிக்கும் இடத்தில் இப்படிப்பட்ட சிறு சேர்க்கைகள்தாம் கண்டனத்தின் பல்லைப் பிடுங்குகின்றன.

மலேசியாவுக்கு வேறு வழி தெரியாது என்று சொல்ல முடியாது. 2017 செப்டம்பரில் மியன்மாரின் ராக்கைன் மாநிலம் குறித்து ஆசியான் தலைமை வெளியிட்ட அறிக்கையிலிருந்து மலேசிய வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ரா பகிரங்கமாக விலகிக்கொண்டது. பாதிக்கப்பட்டோரில் ரோஹிங்கியாக்களின் பெயரே இல்லை, அறிக்கை ஒருமித்த முடிவும் இல்லை என்பது அன்றைய வெளியுறவு அமைச்சர் அனிஃபா அமான் சொன்ன காரணம். ஒருமித்த முடிவே உயிர்நாடி என்று சொல்லும் ஆசியானில் இது அபூர்வம். அதனால் ஆசியான் உடைந்துபோகவில்லை. 2021 அக்டோபரில், மியன்மார் ராணுவ ஆட்சியின் (ஜுந்தா) தலைவரை ஆசியான் உச்சிமாநாட்டுக்கு அழைக்கக்கூடாது என்று வற்புறுத்திய நாடுகளிலும் மலேசியா இருந்தது.

பிறகு 2022 அக்டோபர்: இலங்கைத் தீர்மானம் 20–7, நடுநிலை 20. மலேசியா மறுபடியும் நடுநிலை. இம்முறை இந்தோனேசியாவும் இந்தியாவும் ஜப்பானும் அதே வரிசையில். பத்தாண்டுக்கு முன் விலகல் என்று படிக்க முடிந்த வாக்கு, இங்கே கூட்டத்தோடு கூட்டமாக நிற்பது மட்டுமே. ரோஹிங்கியாக்களுக்காக ஆசியானை மறுத்த நாடு முள்ளிவாய்க்காலுக்காக யாரை மறுத்தது?

உங்கள் எம்.பி. வழியாக நாடாளுமன்றத்தில் கேள்வி போவதென்றால் மூன்றைக் கேளுங்கள்: எந்தத் தீர்மானம், மலேசியா எந்தத் திருத்தத்தைக் கேட்டது, வாக்குக்கு அளித்த விளக்கத்தின் முழு வாசகம் என்ன. "மலேசியாவின் நிலைப்பாடு என்ன?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.