மோதும் கேலக்ஸிகளைச் சுற்றி மங்கல் மேகங்கள்: எது வால், எது தூசி?

எண்ணூர், மணலி ஆலைகளும் துறைமுகமும் விடிய விடிய வெளிச்சம் கக்கும் வடசென்னையில், மொட்டை மாடி டெலஸ்கோப்பால் இந்த மங்கல் மேகங்களைத் தேடும் வேலை ஆகாது. மோதும் கேலக்ஸிகளிலிருந்து பிய்ந்து நீளும் வால்கள் பல, சதுர ஆர்க்செகண்டுக்கு (ஆர்க்செகண்ட் என்பது ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு; ஆர்க்மினிட் 60இல் ஒரு பங்கு) 26 முதல் 28 மேக்னிட்யூட் அளவுக்கு மங்கியவை. மேக்னிட்யூட் எண் கூடக் கூட ஒளி மங்கும். நிலவில்லாத நல்ல இருட்டு வானமே ஏறக்குறைய 22தான். ஐந்து மேக்னிட்யூட் கூடினால் ஒளி நூறில் ஒரு பங்கு. அதனால் தேடல் முழுக்க லெகஸி சர்வே வியூவரில், அதாவது பெரிய டெலஸ்கோப்புகள் எடுத்த வானப் படங்களைக் காட்டும் இணையதளத்தில். பிரௌசர் இருந்தால் போதும், அறை விளக்கை மட்டும் அணைத்துவிடுங்கள்.

கண்ணைப் பழக்க என்ஜிசி 474 என்ற கேலக்ஸி நல்லது. அதைச் சுற்றியுள்ள ஓடு போன்ற வளைவுகளுக்கு வெளி விளிம்பு கூர்மை, உள்பக்கம் மெல்லக் கரையும். பெரிதாக்கிப் பார்க்கத்தான் கை போகும். ஆனால் சிறிதாக்கினால்தான் பிக்சல்கள் சராசரியாகி மங்கல் மேலெழும்.

ஏதாவது தட்டுப்பட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நம் பால்வீதியின் தூசி, அதாவது சிரஸ். 1965இல் வானியலாளர் ஹால்டன் ஆர்ப் எம்81 கேலக்ஸி அருகே கண்ட வளையத்தை மோதலின் எச்சம் என்றே நெடுங்காலம் கருதினார்கள். அதில் பெரும்பகுதி நம் பால்வீதித் தூசி என்று பின்னாளைய அகச்சிவப்பு ஆய்வுகள் காட்டின. ஆர்ப் போன்றவரையே ஏமாற்றிய தூசி இது. வியூவரில் எஸ்எஃப்டி என்ற பால்வீதித் தூசி வரைபடத்தைப் போட்டுப் பாருங்கள். ஆனால் அதன் நுணுக்கம் ஆறு ஆர்க்மினிட் அளவுதான், மெல்லிய இழைகள் அதில் தெரியாது. வைஸ் என்ற அகச்சிவப்பு விண்கலத்தின் 12 மைக்ரான் தூசிப் படம் அதைவிட நுட்பமானது. கேலக்ஸியைப் பொருட்படுத்தாமல் படத்தின் குறுக்கே இணை இழைகளாக ஓடுவது பெரும்பாலும் சிரஸ். வால் என்றால் அதன் ஒரு முனை கேலக்ஸியில் போய்ச் சேர வேண்டும்.

அடுத்த தொல்லை கேமராவுக்குள்ளேயே. பிரகாசமான நட்சத்திரத்தின் ஒளி லென்ஸ்களுக்குள் பட்டுத் திரும்பி வட்டப் பேயுருவாக விழும். ஒரே பில்டரில் விழுந்தால் அது நீலத் திட்டாகவோ சிவப்புத் திட்டாகவோ தெரியும். இங்கேதான் நிதானம் வேண்டும், ஏனென்றால் உண்மையான மேகமும் ஒற்றை நிறத்தில் வரலாம். 2007இல் டச்சு ஆசிரியை ஹன்னி வான் ஆர்கெல் ஐசி 2497 கேலக்ஸி அருகே கண்ட மேகம் ஆக்சிஜனின் 5007 ஆங்ஸ்ட்ராம் கோட்டால் ஒளிர்வது. செம்பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் கூடும் விகிதம்) 0.05 என்பதால் அந்தக் கோடு சுமார் 5257க்கு நகர்ந்து, படத்தில் நீலமாகக் காட்டப்படும் ஜி பில்டருக்குள் விழுகிறது. செம்பெயர்ச்சி 0.2 ஆக இருந்தால் அதே கோடு, படத்தில் பச்சையாகக் காட்டப்படும் ஆர் பில்டருக்குப் போயிருக்கும். பேயுருவா மேகமா என்று பிரிக்க, அதே இடத்தை ஸ்லோன் என்ற இன்னொரு வான சர்வேயின் படத்திலும் திறந்து பாருங்கள். வேறு கேமராவில் பேயுரு அதே இடத்தில் வராது.

பெரிய கேலக்ஸியைச் சுற்றிக் கருத்த பள்ளம் தெரிந்தால், மென்பொருள் வானப் பின்னணியை அதிகமாகக் கழித்துவிட்டது என்று பொருள். இந்தப் படங்களில் பலவற்றை எடுத்த டெக்கேம் கேமராவின் ஒரு சில்லு (சென்சார்) ஏறக்குறைய 9க்கு 18 ஆர்க்மினிட். பின்னணி சில்லு சில்லாகக் கணக்கிடப்படுவதால், பல ஆர்க்மினிட் பரந்த மங்கலையும் சேர்த்து விழுங்கிவிடும். நேர்க்கோட்டில் வெட்டி நிற்கும் மேகம் சில்லின் விளிம்பு, அதை விட்டுவிடலாம்.

தேறியவற்றை ஃபிட்ஸ் என்ற வானியல் படக் கோப்பாக இறக்கி, டிஎஸ்9 என்ற படம் பார்க்கும் மென்பொருளில் திறக்கிறோம். முதலில் நட்சத்திரங்களை மறைக்க வேண்டும். இல்லாவிட்டால் மென்மையாக்கும்போது அவற்றின் ஒளி வழிந்து பொய் மேகமாகும். பிறகு பிளாக் 4, அதாவது 4க்கு 4 பிக்சல்களை ஒன்றாக்குவது: பதினாறு பிக்சல் சேர்வதால் இரைச்சல் கால்வாசியாகும், சுமார் 1.5 மேக்னிட்யூட் ஆழம் கூடும். பிளாக் சராசரியில் இருக்கிறதா, கூட்டலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டலில் இருந்தால் அளவு 3 மேக்னிட்யூட் பொய்யாகப் பிரகாசிக்கும்.

0.262 ஆர்க்செகண்ட் பிக்சலுக்கான கணக்கு: 19.6 கழித்தல் 2.5 மடங்கு லாக் (பின்னணி கழித்த சராசரி பிக்சல் மதிப்பு). மதிப்பு 0.001 என்றால் 27.1 மேக்னிட்யூட். அந்த மங்கலில் பின்னணி 0.0002 பிசகினாலே 0.2 மேக்னிட்யூட் போய்விடும். ஆகவே 27ஐத் தாண்டிய எதையும் ஜி-ஆர் நிற வேறுபாட்டை (இரு பில்டர்களின் மேக்னிட்யூட் வித்தியாசத்தை) மட்டும் வைத்து வால் என்றோ தூசி என்றோ நாங்கள் பதிவதில்லை. அவை இப்போதைக்குத் தனிப் பட்டியலில் இருக்கின்றன.