சீரகக் கஷாயத்துக்கு அடங்காத வலி

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். பட்டுக்கோட்டை பக்கம் ஒரு கிராமம். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு 14 கிலோமீட்டர்.

38 வாரம் முடிந்த அன்று ராத்திரி 11 மணிக்கு வயிறு கல் மாதிரி இறுகியது. கொஞ்ச நேரத்தில் விட்டது, மறுபடி பிடித்தது. பயந்துபோய் ஆட்டோ பிடித்து ஓடினோம். பரிசோதித்த சிஸ்டர், "கர்ப்பப்பை வாய் இன்னும் திறக்கலம்மா, இது சூட்டு வலி, பிரசவ வலி இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அவர் திட்டவில்லை. "சந்தேகம்னா எத்தனை தடவை வேணும்னாலும் வா. தண்ணி உடைஞ்சாலோ, ரத்தம் போனாலோ, குழந்தை அசைவு குறைஞ்சாலோ, வலிக்காகக் காத்திருக்காதே" என்றார். அதை அப்படியே மனதில் வைத்துக்கொண்டேன்.

ஒன்பது நாள் கழித்து, விடியற்காலை 4 மணி. இந்த முறை வலி இடுப்பின் பின்பக்கம் தொடங்கி, இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு அடிவயிற்றுக்கு வந்தது. அம்மா சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். சூட்டு வலியென்றால் அதிலேயே அடங்கிவிடும் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. குடித்தேன், இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன், எழுந்து முற்றத்தில் நடந்தேன். எதற்கும் அடங்கவில்லை. அன்றைக்குப் படுத்ததும் விட்டுப்போன வலி இது இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அம்மா நேரம் குறித்தார். ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்தது தொடங்கும் வரை எத்தனை நிமிடம், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று இரண்டு வரிசை. 12, 11, 9, 8 நிமிடம் எனக் குறைந்துகொண்டே வந்தது. முதல் தடவை 20, 12, 25 என்று கன்னாபின்னாவென்றுதான் வந்திருந்தது. 5 நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், அப்படியே ஒரு மணி நேரம் நீடித்தால் கிளம்பு என்று எங்கள் நர்ஸம்மா சொல்லியிருந்தார். அது தலைப்பிரசவத்துக்கு, அதுவும் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தால். தூரமாக இருந்தாலோ, இரண்டாவது குழந்தை என்றாலோ, அதற்கு முன்பே கிளம்பிவிட வேண்டுமாம். 37 வாரத்துக்கு முன்னால் இப்படி வலி வந்தால் நிமிடமே எண்ணக் கூடாது, உடனே போக வேண்டும்.

8 மணிக்கு மேல் வலி வரும்போது பேச முடியவில்லை, பாதிச் சொல்லில் நின்றுவிடுவேன். கொஞ்ச நேரத்தில் மூக்குச்சளி போலக் கொழகொழவென்று, ரத்தக் கோடு ஓடியபடி ஒன்று பட்டது. பையை வாசலில் கொண்டுவந்து வைத்தோம். 9:40க்கு உள்ளே ஏதோ பட்டென்று விட்டதுபோல் இருந்தது. வெதுவெதுப்பாகக் காலோடு தண்ணீர் இறங்கியது. அடக்கிப் பார்த்தேன், நிற்கவில்லை. சிறுநீர் வாடையும் இல்லை.

நர்ஸம்மாவுக்குப் போன் போட்டோம். "என்ன கலர்னு பாருங்க" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் போயிருக்கலாம். வெள்ளை வேட்டித் துணியை வைத்துப் பார்த்தோம், நிறமே இல்லை. "நல்லது, ஆனா வீட்டுல இருக்காதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க" என்றார். வலி இன்னும் 7 நிமிடத்தில்தான் இருந்தது. ரெண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றார் அம்மா. நான் கேட்கவில்லை. எதிர்வீட்டு அக்கா தண்ணி உடைந்தும் வலி வரட்டும் என்று மறுநாள் வரை வீட்டிலேயே இருந்து, காய்ச்சலோடு போய்ச் சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் கைவைத்துப் பார்த்த அதே சிஸ்டர், "மூணு விரல் திறந்திருக்கு, சரியான நேரத்துக்கு வந்திருக்கே" என்றார். மதியம் 3:10க்கு மகள் பிறந்தாள், 2.9 கிலோ. அம்மா நேரம் குறித்த அந்தத் தாளைக் கிழித்து, அவளுடைய தடுப்பூசி அட்டையோடு வைத்திருக்கிறேன்.