ட்ரெமரைத் தானாகக் கண்டுபிடிக்கும் நிரல்: இதுவரை வந்த தூரம்

சாதாரண நிலநடுக்கத்தைப் பிடிக்கும் நிரல் எழுதுவது எளிது. கடைசி ஒரு விநாடியின் சராசரி வீச்சை முந்தைய அரை நிமிடச் சராசரியால் வகுக்க வேண்டும். விகிதம் சட்டென்று எகிறினால் நிலநடுக்கத்தின் முதல் அலையான பி அலை வந்துவிட்டது. எஸ்டிஏ/எல்டிஏ எனப்படும் இந்த முறை, நிலநடுக்கத் தரவுக்கான பைதான் நிரல் தொகுப்பான ஆப்ஸ்பையில் தயாராகவே இருக்கிறது. பூமிக்கடியில் தட்டுகள் மெதுவாக நழுவும்போது எழும் ட்ரெமரிடம் இது எடுபடாது. மெல்ல எழுந்து, நிமிடக்கணக்கில், சில சமயம் மணிக்கணக்கில் நீடித்து, மெல்ல அடங்கும் அதிர்வு அது. நீண்ட சராசரியும் கூடவே ஏறிவிடுவதால் விகிதம் அசைவதே இல்லை.

2002-இல் நிலநடுக்க ஆய்வாளர் ஒபாரா தென்மேற்கு ஜப்பானில் இதை அடையாளம் கண்டது பல நிலையங்களின் பதிவுகளை ஒப்பிட்டுத்தான். நானும் அந்த வழியிலேயே போகிறேன். எடுத்துக்கொண்டது வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரமுள்ள கஸ்கேடியா. வான்கூவர் தீவுக்கு அடியில் ஏறக்குறைய 14 மாதத்துக்கு ஒருமுறை புவித்தட்டு மெதுவாக நழுவும்போதெல்லாம் ட்ரெமரும் வருகிறது என்று 2003-இல் ஆய்வாளர்கள் ரோஜர்ஸும் டிராகர்ட்டும் காட்டினார்கள். அந்தப் பகுதியின் தரவு பொதுவில் கிடைக்கிறது.

ட்ரெமரில், பி அலைக்குப் பின்னால் வரும், தரையைப் பக்கவாட்டில் அசைக்கும் எஸ் அலையே மேலோங்கி இருப்பதால் கிடைமட்டப் பதிவுகளை எடுத்து, 2 முதல் 8 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டினேன். தொலைதூர நிலநடுக்கங்கள் இதிலேயே பெரும்பாலும் கழிந்துவிடும். அலையின் மேலுறையை, அதாவது வீச்சின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் வெளிக்கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு, 5 நிமிடத் துண்டுகளாக, நிலையம் நிலையமாக ஒப்பிட்டேன். ஒற்றை நிலையத்தில் வெறும் இரைச்சலாகத் தெரிந்த மேடு பள்ளங்கள் பக்கத்து நிலையங்களிலும் அதே வரிசையில் வந்து நின்றதைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது.

போலிகளை ஒதுக்க நம்பகமான சோதனை காலதாமதம்தான். எஸ் அலை பூமியின் மேலோட்டில் விநாடிக்குச் சுமார் 3.5 கி.மீ. போகும். 35 கி.மீ. இடைவெளியுள்ள இரு நிலையங்களுக்கு நடுவே வித்தியாசம் 10 விநாடியைத் தாண்ட முடியாது. தாண்டினால் அது தற்செயல் ஒற்றுமை, தூக்கிவிடலாம். வாகன இரைச்சல் ஒரு நிலையத்தோடு நின்றுவிடும். சிறிய உள்ளூர் நடுக்கங்கள்தான் தொல்லை, அவையும் எல்லா நிலையத்திலும் அழகாகப் பொருந்துகின்றன. அதனால் அடுத்தடுத்த துண்டுகளிலும் பொருத்தம் நீடித்தால்தான் ட்ரெமர் என்று கணக்கில் சேர்க்கிறேன்.

இப்போது இடம் கணிக்கும் பகுதி ஓடுகிறது. மேற்பரப்பு இடம் ஓரளவு நிலைத்து நிற்கிறது, ஆழம் மட்டும் அலைபாய்கிறது. பி அலை தெளிவாக இல்லாதவரை இந்த முறையில் ஆழத்தை நம்பப் போவதில்லை. அப்புறம், நழுவல் நடக்கும்போது ட்ரெமர் நாளொன்றுக்குச் சுமார் 10 கி.மீ. நகரும். அந்த நகர்வு என் புள்ளிகளில் தெரிகிறதா என்பதுதான் அடுத்த சோதனை.