பெரியப்பாவின் ஆரியா

6 ஜூலை 2025, ஞாயிறு. சுங்கை சிப்புட், மலேசியா

பெரியப்பாவின் பழைய எலக்ட்ரிக் கிட்டாரை இன்றுதான் முழுசாகக் கழற்றினேன். மேசையில் பழைய கைலியை விரித்து, ஸ்க்ரூக்களைக் கிண்ணத்தில் போட்டு, நெக்கை, அதாவது கழுத்தை, தனியாக எடுத்தேன். நான்கு ஸ்க்ரூவைத் தாங்கும் இரும்புத் தகட்டில் 'ஸ்டீல் அட்ஜஸ்டபிள் நெக்', அதன் கீழே 'மேட் இன் ஜப்பான்'. சீரியல் நம்பர் கிடையாது. தலைப்பக்கத்தில் ஆரியா என்ற பெயர், பாதி உதிர்ந்திருக்கிறது.

இந்த வாசகம் உள்ள தகடு ஜப்பானில் மட்சுமோட்டோ நகரத்து மட்சுமோக்கு ஆலையைக் காட்டும். ஆரியா என்பது ஷிரோ அராய் நகோயாவில் தொடங்கிய வணிக நிறுவனத்தின் பெயர். மரவேலை நடந்தது மட்சுமோக்குவில். தையல் மிஷினுக்கு மரப்பெட்டி செய்து கை பழகிய ஆட்கள் அங்கே கிட்டார் செய்ய வந்தார்கள். நெக் உட்காரும் குழியைப் பார்த்தாலே அது புரிகிறது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஓரத்தில் ஒரு தாள் நுழைய இடமில்லை. 1987-இல் அந்த ஆலையை மூடிவிட்டார்கள்.

வாங்கிய வருஷம் பெரியப்பாவுக்கு ஞாபகம் இல்லை. "ரப்பர் தோட்டத்துல இருந்தப்ப வாங்கினது பாப்பா. ஈப்போவுல ஒரு சீனர் கடை. மாசாமாசம் கட்டினேன். ஒங்க பெரியம்மாவுக்கு ரொம்ப நாள் தெரியாது." இளையராஜா பாட்டு வந்த பிறகு என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறார். அப்படியென்றால் 1976-க்கு அப்புறம்.

9 ஜூலை, புதன்

மில் ஆபீஸில் மாதக் கணக்கு. இரவு எட்டுக்குத்தான் வீடு. கிட்டாரைத் தொடவில்லை, அதைப் பற்றி யோசித்துக்கொண்டே சாப்பிட்டேன்.

பெரியப்பா கிட்டாரின் வடிவம் அமெரிக்கக் கம்பெனியான கிப்சனின் லெஸ் பால். அசல் 1952-இல் வந்தது. இன்று உலகமே ஏங்குவது 1958 முதல் 1960 வரை சன்பர்ஸ்ட் நிறத்தில் செய்தவற்றுக்குத்தான். ஏறக்குறைய 1,500 இருக்கலாம் என்று கணக்குச் சொல்கிறார்கள். அன்றைக்கு அது சரியாக விற்கவில்லை. கிப்சன் அதை நிறுத்திவிட்டு 1961-இல் இரண்டு கொம்பு வைத்த மெல்லிய வடிவத்துக்குப் போய்விட்டது. 1966-இல் ஜான் மேயால் குழுவின் இசைத்தட்டில் எரிக் கிளாப்டன் ஒரு பழைய லெஸ் பாலை மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் முழுச் சத்தத்துக்கு ஏற்றி வாசித்தார். அதன் பிறகு எல்லோரும் தேட ஆரம்பித்தார்கள், 1968-இல் கிப்சனும் திரும்ப லெஸ் பால் செய்தது. இப்போது நல்ல நிலையில் உள்ள ஒரு 1959 விற்கும் விலைக்கு நம் ஊரில் வரிசை வீடு ஒன்றுக்கு மேலேயே வாங்கலாம்.

மரம் கிழடானால் நாதம் கூடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. வயது மட்டுமே ஒரு கிட்டாரை நல்லதாக்கும் என்று நான் நம்பவில்லை. மோசமானவற்றை யாரும் அறுபது வருஷம் வைத்திருக்க மாட்டார்கள். நல்லதாக அமைந்தவைதான் கைமாறிக் கைமாறித் தப்பி வந்திருக்கின்றன. என்னை இழுப்பது வேறொன்று. அந்தக் காலத்து கிப்சனில் சேத் லவர் வடிவமைத்த ஹம்பக்கர் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் காந்தமும் சுருளும்) இருக்கிறதே, 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது, அதன் கம்பிச் சுருளைச் சுற்றிய இயந்திரம் தானாக நிற்காது. சுற்றுகிறவர் பார்த்து நிறுத்த வேண்டும். ஒன்றில் சுற்று கூடும், ஒன்றில் குறையும். அதனால் ஒன்றின் குரல் மற்றொன்றுக்கு இல்லை. நான் பழைய கிட்டாரைத் தேடுவது அந்த வித்தியாசத்துக்காகத்தான்.

12 ஜூலை, சனி

இன்று முழு நாளும் பிக்கப்தான். வெளியே பார்த்தால் அகலமான ஹம்பக்கர் மூடி, லெஸ் பாலில் இருப்பது போலவே. சால்டரை இளக்கி மூடியைக் கழற்றினால் உள்ளே இரண்டு சுருள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று! எழுபதுகளின் ஜப்பான் நகல்கள் சிலவற்றில் இப்படி இருக்கும் என்று படித்திருக்கிறேன், கையில் பிடித்துப் பார்ப்பது இதுதான் முதல்முறை.

ஹம்பக்கர் எதற்கு? இரண்டு சுருளை எதிரெதிராகச் சுற்றி, காந்தத்தையும் எதிரெதிராக வைத்தால், கரண்டிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், கம்பியின் சத்தம் கூடும். ஒரு சுருள் மட்டும் இருந்தால் இரைச்சல் இருக்கும். அதற்குப் பதிலாகக் கூர்மையும் தெளிவும் கிடைக்கும். உடலும் அசலைப் போல இல்லை. லெஸ் பாலில் மேப்பிள் பலகையை மஹோகனி மேல் ஒட்டிச் செதுக்குவார்கள். இதில் வளைத்து அழுத்திய பிளைவுட், அதன் அடியில் காற்று நிற்கும் இடைவெளி. தட்டினால் 'டொக்' என்று கேட்கிறது. நெக்கும் ஒட்டியதல்ல, ஸ்க்ரூ வைத்தது. ஆக, உருவம் லெஸ் பால், குரல் முற்றிலும் வேறு.

பெரியப்பா கதவருகே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டு அவர் அசரவே இல்லை. "அதான் திருவிழாவுல ரெண்டு உறுமிக்கு நடுவுல கூட இது தனியாக் கேக்கும்" என்றார்.

நல்ல ஹம்பக்கர் ஒரு ஜோடி வாங்கிப் போடு, அசல் மாதிரி ஆகிவிடும் என்று மூன்று பேர் எனக்கு எழுதியிருந்தார்கள். போட மாட்டேன். கனமான, இருண்ட லெஸ் பால் சத்தம் வேண்டுமென்றால் அதற்கு இன்று ஆயிரம் வழி இருக்கிறது. ஒற்றைச் சுருளும் உள்ளே காற்றும் சேர்ந்த இந்தச் சத்தம் இதில் மட்டும்தான். டெய்ஸ்கோ என்ற ஜப்பான் மலிவுக் கிட்டார்களைக் குப்பை என்று தள்ளி வைத்திருந்தார்கள். அதன் 'கோல்ட் ஃபாயில்' பிக்கப்பை அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடர் தன் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் (அமெரிக்க ஃபெண்டர் கம்பெனியின் கிட்டார்) பொருத்திக் காட்டிய பிறகு அதையே தேடி அலைகிறார்கள். சிகாகோவின் ஹவுண்ட் டாக் டெய்லர் ஜப்பான் மலிவுக் கிட்டாரில்தான் புளூஸ் வாசித்தார். அவருக்கு யாரும் அசல் வேண்டும் என்று சொல்லவில்லை.

மூடியை மறுபடி சால்டர் வைத்து மூடினேன்.

20 ஜூலை, ஞாயிறு

காலையில் ஈப்போ பாசார் காராட், பழைய பொருள் சந்தை. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பழைய பொட்டென்ஷியோமீட்டர் கிடைக்குமா என்று போனேன், கிடைக்கவில்லை. ஒரு கடையில் இதே காலத்து ஜப்பான் கிட்டார் ஒன்று தொங்கியது. "இது லாசூட் கிட்டார், அக்கா" என்றார் கடைக்காரர், விலையை ஏற்றுவதற்கு.

லாசூட் என்றால் வழக்கு. கிப்சனே வழக்குப் போடும் அளவுக்கு அசலைப் போன்ற நகல் என்று பெருமை பேசுவது. நடந்தது இவ்வளவுதான். கிப்சனின் தாய்க் கம்பெனி நார்லின், 1977-இல் ஐபனெஸ் என்ற ஜப்பான் கிட்டார்களை அமெரிக்காவில் விற்ற எல்கர் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. புகார் தலைப்பக்கத்தின் வடிவத்தைப் பற்றியது. ஐபனெஸ் அதற்கு முன்பே அந்த வடிவத்தை மாற்றத் தொடங்கியிருந்தது. மறு வருஷம் கோர்ட்டுக்கு வெளியே சமரசமானது. ஆரியா, டோக்காய், கிரெக்கோ என்று ஜப்பான் கிட்டார் எல்லாவற்றுக்கும் இந்தப் பெயரைச் சூட்டுவது வியாபாரம். வாங்குகிற பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கதைக்குக் காசு கொடுக்காதீர்கள். நெக் நேராக இருக்கிறதா, ஃபிரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) தேய்ந்திருக்கிறதா, ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள் கம்பி) திரும்புகிறதா என்று பார்த்துக் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்தால் கோலாலம்பூரிலிருந்து ஒருவரின் மெசேஜ். ஆரியாவுக்கு நல்ல விலை. தலைப்பக்கத்தில் உள்ள பெயரைச் சுரண்டிவிட்டு கிப்சன் ஸ்டிக்கர் ஒட்டித் தந்தால் அதற்கு மேலேயும் தருவாராம். எனக்குக் கை நடுங்கும் அளவுக்குக் கோபம் வந்தது. நகல் செய்த அந்த ஆலைக்காரர்கள் தங்கள் வேலைக்குத் தங்கள் பெயரைத்தான் போட்டார்கள். பார்த்துச் செய்தார்கள், திருடி விற்கவில்லை. அந்தப் பெயரைச் சுரண்டுவது அவர்கள் கையைத் துடைத்தெறிவதாகும். முடியாது என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

25 ஜூலை, வெள்ளி

கோயிலில் ஆடிக் கூழ். சாயங்காலம் மழை. கான்டாக்ட் கிளீனர் வந்து சேர்ந்தது.

27 ஜூலை, ஞாயிறு

அக்கா மகன் புதுக் கிட்டாரைக் கொண்டுவந்தான். ஸ்குவையர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், இந்தோனேசியாவில் செய்தது, ஆயிரம் மலேசிய வெள்ளிக்கு முன்பின். பகுதி நேர வேலை பார்த்துச் சேர்த்த காசு. "சித்தி, கூட்டாளிங்க எல்லாம் இது டூப்பு ஃபெண்டர்னு சொல்றானுங்க" என்று முகத்தைத் தொங்கப் போட்டிருந்தான்.

உட்கார வைத்துச் சொன்னேன். எழுபதுகளின் கடைசியில் டோக்காய் முதலான ஜப்பான் கம்பெனிகளின் நகல்கள் அவ்வளவு தரமாக வந்ததால் ஃபெண்டரே விழித்துக்கொண்டது. 1982-இல் யமானோ, கண்டா ஷோக்காய் என்ற இரண்டு ஜப்பான் நிறுவனங்களோடு சேர்ந்து ஃபெண்டர் ஜப்பானைத் தொடங்கியது. வேலையைக் கொடுத்தது ஃபூஜிஜென் ஆலைக்கு, அதாவது கிரெக்கோவும் ஐபனெஸும் செய்துகொண்டிருந்த அதே கைகளுக்கு. தான் 1965-இல் வாங்கிப்போட்ட ஒரு கம்பித் தயாரிப்பாளரின் பெயரான ஸ்குவையரை அந்தக் கிட்டார்களுக்கு வைத்தது. ஜே.வி. என்று தொடங்கும் சீரியல் நம்பர் கொண்ட அந்த முதல் ஸ்குவையர்களை இன்று தேடித் தேடி வாங்குகிறார்கள்.

பிறகு செட்டப், வாசிக்கத் தோதாகச் சரிசெய்யும் வேலை. முதல் ஃபிரெட்டையும் நெக் முடியும் இடத்து ஃபிரெட்டையும் அழுத்தி, நடுவில் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் கால் மில்லிமீட்டர் இடைவெளி வரும்வரை ட்ரஸ் ராடைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு மேல் தடித்த கம்பியின் உயரம் 2 மில்லிமீட்டர், மெல்லியதற்கு ஒன்றரை. நம் ஊர் ஈரத்துக்கு நெக் வருஷத்தில் சில தடவை நகரத்தான் செய்யும், இந்த வேலையை அவனே கற்றுக்கொள்ள வேண்டும். முடித்துக் கொடுத்ததும் ஒரு கார்டு (பல கம்பிகள் சேர்ந்த சுரக்கூட்டு) பிடித்தான். முகம் மாறியது.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆரியாவுக்குக் கம்பி போட்டாயிற்று. பெரியப்பாவின் விரல்களுக்குப் பத்தில் தொடங்கும் செட் (மெல்லிய கம்பி 0.010 அங்குலத் தடிமன்) கனம், ஒன்பதில் தொடங்குவதைப் போட்டேன். இழுவை குறைந்ததால் நெக் பின்னோக்கிப் போனது, ட்ரஸ் ராடைச் சற்றுத் தளர்த்தினேன்.

அவர் வாசித்தார். முழு பாரே, அதாவது ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்துவது, பிடிக்க முடியவில்லை, மேல் நான்கு கம்பியில் மட்டும் கார்டு. அதிலும் அந்தக் கூர்மையான குரல் அப்படியே வந்தது. அலிகேட்ஸ் இசைக்குழுவைப் பற்றிப் பேசினார். பினாங்கிலிருந்து கிளம்பிய டேவிட் ஆறுமுகமும் லோகநாதனும் மலாய்ப் பாட்டில் கொடிகட்டிப் பறந்தபோது, தோட்டத்துப் பையன்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று. அதற்கும் முன்னால், 1961-இல் இங்கிலாந்துப் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் ஷாடோஸ் குழுவும் சிங்கப்பூரில் வாசித்துப் போன பிறகு ஊர் ஊராகக் கிட்டார் குழுக்கள் முளைத்த கதையை அண்ணன்மார் சொல்லக் கேட்டிருக்கிறார். ஷாடோஸின் ஹாங்க் மார்வினின் சிவப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் படத்தில்தான் பார்த்தார்களாம். "பால் வெட்டுற சம்பளத்துல அதெல்லாம் எங்க வாங்குறது? ஜப்பான்காரன் செஞ்சதாலதான் எங்க கைக்கு கிட்டாரே வந்துச்சு." ராத்திரி பத்துக்கு ஜெனரேட்டரை அடைத்துவிடுவார்கள், அதற்குள் ஒத்திகையை முடிக்க வேண்டும்.

அக்கா மகன் ஸ்குவையரை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தான். தாத்தா கார்டு சொல்லச் சொல்ல இவன் பிடித்தான். இரண்டு கிட்டாரிலும் ஒற்றைச் சுருள் பிக்கப். சத்தம் ஒன்றோடொன்று இழையவில்லை, மோதவும் இல்லை.

ஐந்தாம், ஏழாம் ஃபிரெட்டுகளில் பள்ளம் இருக்கிறது. அவர் அதிகம் புழங்கிய இடம். மாற்றப் போவதில்லை, அரத்தால் மட்டம் செய்து உருட்டிவிட்டால் இன்னும் பல வருஷம் ஓடும். பழைய ஆம்ப்ளிஃபயரும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறதாம். பிளக்கில் மட்டும் சொருகிவிடாதீர்கள், உள்ளே கெப்பாசிட்டர்களைப் பார்த்த பிறகுதான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.